வாடிவீட்டுக் கோழி

ரோஸ்ட் கோழியில் மிஞ்சிய எலும்புகளை மருமகள் குப்பையில் போடப் போனாள். நான் வாங்கிப் பானையிலிட்டுக் கொதிக்க வைத்தேன். மிளகும் உள்ளியும் சேர்ந்து மணந்ததும், உலக யுத்தக் காலத்து மட்டக்களப்பில் எங்கள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அப்போது மலேரியா காய்ச்சல் விட்டும் தங்கச்சியால் எழும்ப முடியவில்லை. கஞ்சி கொடுத்தாலும் சத்தியெடுத்தாள். துரைமார் வந்து தங்கும் வாவிக்கரை வாடிவீட்டில் சமையல் செய்த அம்மா, ஒரு மத்தியானம் துரைமாருக்கு வாட்டிய கோழியின் மிச்சத்தைக் கொண்டுவந்தார்.

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவின் முகம் கறுத்தது. "துரைமார் தின்ட எச்சில என்ட புள்ளைக்குக் குடுக்காத."

"எச்சில் இல்ல. நானே வெட்டி வெச்ச தட்டுல மிஞ்சினது. ஆரும் வாய் வைக்கல்ல" என்றார் அம்மா. "நான் குடுக்கத்தான் போறன்."

எலும்புகளை உலக்கையால் உடைத்து, ஒரு பிடி அரிசியும் முருங்கையிலையும் போட்டு, பொழுது சாயும்வரை காய்ச்சினார். முதல் கரண்டியைத் தங்கச்சி சத்தியெடுத்தாள். அம்மா அவள் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினார். அதுவும் வெளியே வந்தது. மூன்றாவது வயிற்றில் தங்கியது. அரைக் கோப்பை முடிந்ததும், "இன்னும் கிடக்காம்மா?" என்றாள் தங்கச்சி.

வெளியே அப்பாவின் கை வலையில் அப்படியே நின்றுவிட்டது.

அப்பா அதுவரை வாடிவீட்டு வாசலை மிதித்ததில்லை. மறுநாள் மத்தியானம் அதன் பின்கதவில் மூடி போட்ட சட்டியோடு வந்து நின்றாராம்.

"கோழி மிச்சம் கிடக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாராம்.