தாய் சியில் நான்தான் முதல் ஆள்

என் இடது கணுக்காலுக்குள் ஒரு தகடும் சில ஸ்க்ரூவும் இருக்கின்றன. நல்லூரில் மழைத்தண்ணீர் நின்ற தெருவில் வண்டியோடு குழிக்குள் போனபோது கிடைத்தவை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் உடம்பில் சேர்ந்த ஒரே இன்ஜினியரிங் அதுதான்.

பனியன் கம்பெனியில் நான் அயர்ன் மாஸ்டர். மாஸ்டர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்க நின்று டி-சர்ட்டுக்கு நீராவி காட்டுகிறவன். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் என்னால் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"நிக்க முடியலீன்னா பிசிறு வெட்டற எடத்துல உக்காந்துக்கங்க. கஷ்டப்படாதீங்க."

நூல் பிசிறு வெட்டுகிற மேஜை என் மனைவியின் பார்வையில் இருக்கிறது. அவளும் இதே கம்பெனிதான், செக்கிங்; பழுதுள்ள துணியைத் திருப்பி அனுப்புகிற வேலை. வீட்டில் நான் துவைத்த சட்டையையே திருப்பி அனுப்புகிறவள். அவள் கண்ணெதிரே கத்தரிக்கோலோடு நாள் முழுக்க உட்கார என்னால் ஆகாது. எப்படியாவது அயர்ன் மேஜைக்குத் திரும்பியாக வேண்டும்.

பிசியோதெரபி பார்க்கிற பெண் என்னைவிட ரொம்பச் சின்னவள். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கச் சொல்வாள். கட்டை விரலில் எழும்பச் சொல்வாள். ஒருநாள், "அண்ணா, இதோட தாய் சியும் சேத்துப் பண்ணலாங்க. சீனாக்காரங்க பண்ற ஒடற்பயிற்சி" என்றாள்.

"அப்பொ இந்த ரப்பர விட்டறலாங்களா, அம்மணி?"

"அது சோறுங்ண்ணா, இது கொழம்பு. ரெண்டும் வேணும்."

சீனா என்றதும் பறந்து உதைப்பேன் என்று எதிர்பார்த்துப் போனேன். பார்த்தால், முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்ல மாற்றி, கைகளைத் தண்ணீருக்குள் நகர்த்துவது போல நகர்த்த வேண்டுமாம். வீட்டில் நான் பழகுவதைப் பார்த்த மனைவி, "ஏனுங்க, அந்தக் கொசு எப்பவோ போயிருச்சுங்க" என்றாள்.

எத்தனை பீஸோ அத்தனை கூலி என்ற பீஸ் ரேட்டில் வளர்ந்த உடம்பு இது. பக்கத்து மேஜைக்காரனுக்கு முன்னால் முடித்தால்தான் அதற்கு நிம்மதி. கிளினிக்கில் சேர்ந்து பழகுகிறவர்கள் எல்லோரும் பாதி தூரம் வருவதற்குள் நான் முழுவதையும் முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட திருநெல்வேலி அம்மா. கை காற்றில் இருந்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஏய்யா, இன்னைக்கே ஷிப்மெண்டா?"

பிசியோதெரபிப் பெண் சிரிக்கவில்லை. மறுபடி நிற்கச் சொல்லி, என் இடது பாதத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப எடைய இந்தப் பக்கம் கொண்டாங்க."

இடுப்பைச் சாய்த்தேன்.

"சாயறீங்க, ஆனா நிக்கலீங்க. எல்லாம் வலது கால்லயே இருக்குது."

"சாயறதே பெருசுங்க அம்மணி."

"வேகமாப் போனா இந்தக் கால்ல நிக்கவே வேண்டியதில்லீங்களே. அதுக்குத்தான் ஓடறீங்க. பயமா இருக்குதுங்களா?"

அந்தக் கால் மறுபடி என்னைக் கீழே போட்டுவிடும் என்ற பயத்தை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பிறகு மெதுவாகச் செய்தேன். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மூக்கு அரித்தது, செல்போன் அழைத்தது, ஜன்னலுக்கு வெளியே போகிற வண்டிகள் எல்லாம் எனக்கு முன்னால் எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் ரப்பர் பட்டையை ஒழுங்காக இழுத்துவந்த காலில் கொஞ்சம் கொஞ்சமாக எடை இறங்கியது.

பிசியோதெரபிப் பெண்ணே ஒருநாள், கம்பெனியில் மத்தியானம் வரைக்கும் நின்று பார்க்கலாம் என்றாள். அயர்ன் மேஜைக்குப் போனேன். அயர்ன் பெட்டியைப் பிடித்ததும் கை பழையபடி பறந்தது. சட்டை சட்டையாகத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வலது தொடை நடுங்குகிறது. இடது கால் தரையைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது, கல்யாண வீட்டில் வேலை செய்யாத மச்சான் மாதிரி.

கையின் வேகத்தைக் குறைத்தேன். பெட்டியை முன்னால் தள்ளும்போது இடது காலுக்கு எடை, இழுக்கும்போது வலது காலுக்கு. பக்கத்து மேஜையில் ஒரிசாக்காரன் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். அவன் பக்கம் பார்க்காமல் இருப்பதுதான் அன்றைக்குப் பெரிய தேகப்பயிற்சி.

சாப்பாட்டு மணி அடித்ததும் சூப்பர்வைசர் வந்தார். நான் மடித்து வைத்திருந்த அடுக்கைப் பார்த்தார்.

"கொறைவுதானுங்க."

"கால் நிக்குது, பாத்தீங்களா?"

"காலுக்கா சம்பளம்?" என்றார். அடுக்கை இன்னொரு தரம் பார்த்தார். "செரி, நாளைக்கும் வாங்க. மத்தியானம் வரைக்கும் மட்டும். முழு ஷிப்ட்டுன்னா அந்த பிசியோதெரபி அம்மணியக் கேட்டுட்டு வாங்க."

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மனைவி டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சோறு ஆறுதுங்க, வாங்க!"

"வர்றேன் இரு புள்ள," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் இந்தக் கால்ல நின்னுக்கறேன்."