வரி கொடுத்து வாங்கிய திடல்

இந்த ஊரில் சோப்பு வாங்கினால் மலைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. கடைச் சீட்டில் சோப்பு விலைக்குக் கீழே சில்லறையாக ஏதோ கூட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பெண் ஜன்னல் வழியே மேற்கே கை நீட்டி, "அந்தக் குன்றுக்கு" என்றாள். ஏதோ வேண்டுதல் உண்டியல் போலும் என்று நினைத்துக்கொண்டேன். குன்றையும் அதன் அடிவாரப் புல்வெளியையும் யாரும் வீடு கட்டி அடைத்துவிடாதபடி ஊரே வரி கொடுத்து வாங்கிப் பராமரிக்கிறது என்பதைப் பிறகு என் கணவர்தான் விளக்கினார்.

அடுத்த ஞாயிறு அந்தப் புல்வெளிக்குப் போனோம். மிதிக்கத் தயங்கி நின்றிருந்தேன். தொப்பி வைத்த காவலர் ஒருவர், ரேஞ்சர் என்கிறார்கள், நேராக என்னிடம் வந்து, "இந்த ஊரில் வரி கட்டுகிறீர்களா?" என்றார். "கட்டுகிறோம், சீட்டெல்லாம் வீட்டில் இருக்கிறது" என்று திணறினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் தாராளமாக நடங்கள் அம்மா. இது உங்களுடையது."

அந்த வார்த்தையை விடுமுறைக்குக் காஞ்சிபுரம் போனபோது என்னோடு கொண்டுபோனேன். வினை அங்கேதான் தொடங்கியது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வெட்டவெளி உண்டு. விடிவதற்கு முன்பே பட்டு நூலை அங்கே நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். பாவு நீட்டுவது என்று அதற்குப் பெயர். பாவு நீட்டாமல் தறியில் ஒரு சேலையும் ஏறாது. நிலமோ தாமல் பக்கத்து ஜைனக் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்துப் பெரியவரை நயினார் என்போம்; அவர் இருந்தவரை யாரையும் தடுத்ததில்லை. நான் போனபோது காலமாகியிருந்தார். பிள்ளைகள் விற்கப்போகிறார்கள், அரிசி மில் வரப்போகிறது என்று தெருவே கலங்கிக் கிடந்தது.

நகராட்சியே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வீட்டு வரி ஏறும் என்றார் வார்டு கவுன்சிலர். திடலிலேயே கூட்டம் கூடியது. நான் எழுந்து எங்கள் குன்றின் கதையைச் சொன்னேன். என் அண்ணன் ஏகாம்பரம் நெசவாளி. அவர்தான் குறுக்கிட்டார்.

"வரி குடுத்தா அது நம்ம நெலம் ஆயிடுமா சரசு? முனிசிபாலிட்டி நெலம்தானே ஆவும்? நயினார்னா வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த கேட்டுடலாம். இவங்ககிட்ட யாரைப் போய்க் கேக்கறது?"

"நீங்க எல்லாரும் சேர்ந்துதானே அண்ணா முனிசிபாலிட்டி?"

சிலர் சிரித்தார்கள். "அவ நாலு எடம் பாத்தவ, சொல்றதக் கேளுங்களேன்" என்றாள் அண்ணி. ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். அண்ணன் கடைசியாகத் தூக்கினார்.

திரும்பி வந்தபிறகு எனக்கு நிம்மதியில்லை. வரி ஏறிய வீடுகளில் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்களோ என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பேன். மில் வரவில்லை, நகராட்சி வாங்கிவிட்டது என்று அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. அதற்கு மேல் அவர் ஒரு வரி எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் என்னை அரித்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனோம். சென்னையிலிருந்து விடிகாலையில் வந்த டாக்ஸி எங்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. "நிறுத்துப்பா, பாவு இருக்குது!" என்று கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார் அண்ணன். நடுத்தெருவில் பாவு நீட்டியிருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. தெருக்கோடியில் புது மதில், இரும்புக் கதவு, அதில் பூட்டு. உள்ளே சிமெண்டு பெஞ்சும் செம்பருத்தியும்.

"பார்க்கு ஆக்கிட்டாங்க. ஏழு மணிக்குத்தான் தொறப்பாங்க, அதுக்குள்ள வெயில் வந்துடுது" என்றார் அண்ணன். பிறகு, என்னைப் பார்க்காமல், "வரி எங்களுது, பூட்டு அவங்களுது" என்றார்.

"வந்ததும் வராததுமா அவகிட்ட ஏன்? அவ இன்னா பண்ணுவா, பாவம்" என்று அண்ணி என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பரிவுதான் அதிகம் சுட்டது.

மறுநாள் அண்ணனோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். "பார்க் பப்ளிக்குக்கும்மா. நூலைக் கட்டினா பூச்செடி என்ன ஆகிறது?" என்றார் அதிகாரி.

அண்ணன் கைகட்டி நின்றபடியே, "அப்ப நாங்க யாரு சார்?" என்று கேட்டார்.

அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், தெற்கு மதிலை ஒட்டிப் பாவு நீட்ட ஒரு பட்டை நிலம், காவல்காரர் விடியுமுன் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. வெளியே வந்ததும் "கிடைச்சிடுச்சே அண்ணா" என்றேன். "காவக்காரர் எழுந்தாத்தானேமா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

இந்த வருடம் குன்றுக்கு அடுத்த பள்ளத்தாக்கையும் வாங்கலாமா என்று எங்கள் ஊரில் வாக்கெடுப்பு வந்தது. குடியுரிமை இல்லாத எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு மார்த்தாவோடு கூட்டத்துக்குப் போய், கேள்வி கேட்கக் கை தூக்கினேன். "சாவி யாரிடம் இருக்கும்?" என்றேன். நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று மார்த்தா குனிந்து நாற்காலிக்கு அடியில் தேடினாள். கதவே கிடையாது என்று மேடையிலிருந்தவர் கனிவாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

இப்போது மாலைகளில் குன்றடிப் புல்வெளியில் தனியாக நடக்கிறேன். இங்கே பொழுது சாயும்போது காஞ்சிபுரத்தில் விடிகிறது. சுருட்டிய பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் நின்று காவல்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். எந்தப் பக்கமும் மதிலில்லாத இந்தப் புல்வெளியின் நடுவில் நின்று, அங்கே கதவு திறந்ததா என்று காது கொடுக்கிறேன்.