மெமரிக்கு வைத்த பொட்டு

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டிரெடில் மிஷினைக் காலால் மிதித்து மிதித்துக் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். அந்தக் கால்தான் கடைசியில் ஒரு கம்ப்யூட்டரையும் கடைக்குள் கொண்டுவந்து வைத்தது. படித்தவர்கள் நடத்திய அச்சகங்கள் அப்போது ஈய எழுத்தைத்தான் கோத்துக்கொண்டிருந்தன.

கம்ப்யூட்டரில் தட்டுவது என் மனைவி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். மற்றதெல்லாம் நான் என்று வருகிறவர்களிடம் சொல்லுவேன்.

"மத்ததுன்னா இன்னா? ஃபேன் சுவிட்சா?" என்பாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கல்பாக்கத்தில் டெக்னீசியனாக இருந்த ஒருவர் கடைக்கு வந்தார். சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம். அவர் அப்பா காலத்தில் ஊரார் எல்லாம் அடுத்தவன் வயலில் கூலி வேலை செய்துகொண்டே, சாயங்காலத்தில் கல் சுமந்து ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு ஐம்பது வருஷம் நிறைகிறது, பொன்விழா மலர் போட வேண்டும் என்றார். ஒரு பை நிறைய பழைய போட்டோக்கள் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றை மட்டும் சட்டைப் பையிலிருந்து தனியாக எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிய இளவட்டம் ஒருவர், தலையில் பெரிய கருங்கல்.

"எங்க நைனா, அண்ணே. இப்ப ஒரு கண்ணு சுத்தமா போயிடுச்சு. இன்னொன்னும் மங்கிகினே வருது. தம்மாத்தூண்டு படமா போட்டா அவருக்குத் தெரியாது. பக்கம் முழுக்கப் போடணும். விழாவுக்கு அவரு கையில புஸ்தகம் இருக்கணும்."

"அதெல்லாம் தூள் கிளப்பிடலாம்" என்றேன். நான் முடியாது என்று சொன்ன வேலை இன்றுவரை கிடையாது.

முடியாது என்று சொன்னது கம்ப்யூட்டர். சின்னப் படங்களை ஏற்றியவரை சமாளித்தது. கல் தூக்கிய படத்தைப் பக்கம் முழுக்க வைத்ததும் மணல்கடிகாரத்தைக் காட்டிவிட்டு அப்படியே உறைந்து போனது. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே கதை. மெமரி பத்தவில்லை என்று மனைவிதான் சொன்னாள். மிஷின் விற்ற கம்பெனிக்கு போன் போட்டேன். அவர்கள் சொன்ன விலைக்கு இன்னொரு டிரெடிலே வாங்கிவிடலாம். "வேற கம்பெனி மெமரி போட்டா வாரண்டி கிடையாது சார்" என்று ஒரு மிரட்டல் வேறு.

என்னை மிரட்டினால் நான் நேர் எதிராகத்தான் போவேன். மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் குவிந்து கிடக்கும் தெரு. அங்கே ஒரு சின்னக் கடையில், பேரே கேள்விப்படாத ஏதோ கம்பெனியின் மெமரி ஒன்றை, மிஷின் விற்றவர்கள் சொன்னதில் கால்வாசி விலைக்கு வாங்கினேன். எங்கள் மிஷினில் இருந்தது அறுபத்து நாலு எம்.பி. இது நூற்று இருபத்தெட்டு. பார்க்க ஒரு சீப்பு அளவுதான் இருந்தது.

அன்று பௌர்ணமி. மனைவி அவள் அக்காவோடு திருக்கழுக்குன்றம் மலை சுற்றப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மாட்டி அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். திருகாணி கழற்றத் தெரியாதவனா நான்? பெட்டியைத் திறந்தேன். பழைய மெமரி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டு பக்கத்துக் கொக்கியையும் விலக்கிக் கழற்றினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அதுவரைக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது ரோலர் போட்டாலும், கட்டிங் மிஷினுக்குப் புதுக் கத்தி மாட்டினாலும், சந்தனம் குங்குமம் வைக்காமல் ஓட்ட மாட்டோம். புது மெமரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். கறுப்புச் சில்லுகளின்மேல் வைத்தால் சூட்டில் உதிர்ந்துவிடும். அடியில் வரிசையாகப் பல் பல்லாகத் தங்க நிறத்தில் மின்னியது. தங்கம் இருக்கிற இடம்தானே முகம்? அங்கே மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். பழசு கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அதற்கும் வைத்தேன். காயவிட்டு, இரண்டையும் அழுத்தி மாட்டி, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டேன்.

கூவ ஆரம்பித்தது. நீளமாக, விட்டு விட்டு, பிரசவ வலி மாதிரி. திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை.

புதுசைக் கழற்றிவிட்டுப் பழசோடு மட்டும் போட்டேன். அப்போதும் கூவல். இரண்டு மாசமாக அவள் தட்டின பக்கங்கள், வீடு வீடாக வாங்கி ஸ்கேன் பண்ணின படங்கள், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்.

மனைவி பிரசாதத்தோடு உள்ளே வந்தபோதும் அது கூவிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல. மட்டமான சரக்கைக் குடுத்துட்டான். மெட்ராஸ்காரன் புத்தி."

அவள் சத்தம் போடவில்லை. "நான் தட்டினதெல்லாம் டிஸ்க்ல பத்திரமாத்தான் கீது. ஆனா மிஷின் எழுந்துக்காம எப்படி எடுக்கிறது? அந்தப் பெரியவருக்கு இருக்கிறது ஒரு கண்ணு" என்றாள். எனக்கு அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் இரண்டு மெமரியையும் பையில் போட்டுக்கொண்டு, தாம்பரம் தாண்டும்வரை திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன். கடைக்காரன் முன்னால் இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

"யாரை ஏமாத்துற? நான் செங்கல்பட்டுக்காரன், தெரியுமா?"

அவன் புதுசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். மூக்கிடம் கொண்டுபோனான். இன்னொரு தரம் மோந்தான்.

"அண்ணாத்த, இன்னாது இது, சந்தனமா?"

நான் கடை போர்டைப் படிக்க ஆரம்பித்தேன்.

"மச்சான்! இங்க ஓடியா!" பக்கத்துக் கடைக்காரன் வந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். "பாருடா, மெமரிக்குப் பொட்டு வெச்சுகீறாரு! அண்ணாத்த, வளைகாப்பு எப்ப?"

சிரிப்பு அடங்கியதும் அந்த ஆள் நல்லவனாகத்தான் நடந்துகொண்டான். "இந்தத் தங்கப் பல்லு வழியாத்தான் கரண்டு உள்ள போவுது. அதுல சந்தனத்தை அப்பினா எப்படிப் போவும்?" என்று சொல்லிக்கொண்டே, பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்து இரண்டையும் தேய்த்தான். தன் மிஷினில் மாட்டிக் காட்டினான். இரண்டுமே எழுந்தன. "மாட்டுற குழியிலயும் அப்பிகினு இருக்கும். காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடு" என்று ஒரு பிரஷ்ஷும் கொடுத்தான்.

வீட்டில் என்ன சொன்னேன்? "அவனை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். பயந்துபோய் வேற மாத்திக் குடுத்துட்டான்" என்றேன். அவன் கொடுத்த பிரஷ்ஷால் குழியைத் துடைத்தேன், மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன். ஒரே ஒரு 'பீப்'. கறுப்புத் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. எப்போதும் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சத்தில் நிற்கும். அன்று அங்கே நிற்காமல் லட்சத்தைத் தாண்டி, இரண்டு லட்சத்தைத் தொடப் போய் நின்றது. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு கடைசி எண்வரை பார்த்தாள். கல் தூக்கிய படத்தைத் திறந்தாள். பக்கம் நிறைய வந்து நின்றது.

விழாவுக்கு எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். செய்யூர் பஸ்ஸில் மலர்க் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனோம். டெக்னீசியன் முதல் பிரதியை அப்பா கையில் கொடுத்தார். பெரியவர் பக்கங்களை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் நின்றார். விரலால் கல்லைத் தடவினார். தோளைத் தடவினார்.

"டேய், இன்னாடா இது, இம்மாம் பெருசா? கோமணம்கூட தெரியுதே!" என்றார். கூட்டமே சிரித்தது. அவர் புத்தகத்தை மூடாமல் மடியிலேயே விரித்து வைத்துக்கொண்டார்.

டெக்னீசியன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை அவருக்கு. எனக்கு வந்தது.

"சும்மா வருமா தம்பி? கம்பெனிக்காரனே கை வைக்கக் கூடாதுன்னான். நானே பெட்டியைத் திறந்து, நானே மெமரி போட்டேன்."

பக்கத்தில் என் மனைவி பிரியாணித் தட்டை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா தம்பி" என்றாள். "பிரஷ்ஷு முழுக்கக் குங்குமம். நான்தான் கழுவி வெச்சேன்."