அண்ணி கைத் தயிர்

மத்தியானம் ஒரு மணிக்கு லேத் பட்டறையில் மெஷின்கள் ஓயும். கையில் அப்பிய எண்ணெயை மரத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு ஐந்து பேரும் வட்டமாக உட்காருவார்கள். டர்னர் தன் டப்பாவைத் திறக்கும்போது மட்டும் மற்ற நான்கு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பும்.

உள்ளே இருப்பது வெறும் தயிர்தான். ஆனால் டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கரண்டியால் அள்ளிய இடம் அள்ளியபடியே பள்ளமாக நிற்கும்.

"அண்ணி கையே கைதான்" என்று வெல்டர் முதல் ஆளாகக் கரண்டியை நீட்டுவார். டர்னர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை நகர்த்தி வைப்பார்.

சொல்ல என்ன இருக்கிறது? அந்தத் தயிரைத் தோய்ப்பவரே அவர்தான்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஒரு வாரம் காலை டூட்டி, ஒரு வாரம் மாலை டூட்டி. கல்யாணமான புதிதில் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, உறை ஊற்ற மறந்து அப்படியே தூங்கிப்போவாள். "நீ போய்ப் படு, இதை நான் பாத்துக்கறேன்" என்று ஒருநாள் அவர் அடுப்படிக்குள் நுழைந்தார். பதினேழு வருஷம் ஆகிவிட்டது. மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடையும் மனுஷருக்குப் பாலின் சூடு பிடிபட எத்தனை நாளாகும்? காய்ச்சிய பாலைச் சிறு தீயில் இன்னும் கொஞ்சம் சுண்டவிடுவார். ஆறியதும் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணுவார். பத்துக்குள் விரலை இழுத்தால் சூடு அதிகம், பத்துவரை விரல் தாங்கினால் பதம். அதற்கப்புறம் ஒரு ஸ்பூன் பழைய தயிர், இரண்டு ஆற்று. குளிர் நாளென்றால் பாத்திரத்துக்குத் துண்டைச் சுற்றி ஒரு மூலையில் வைத்துவிடுவார். காலைவரை யாரும் அதைத் தொடக் கூடாது.

இந்தப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்தில், "யாருண்ணே தோய்ச்சது?" என்று வெல்டர் கேட்டார். 'நான்' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர்கள் ஃபிட்டரை, பொண்டாட்டி புடவை துவைக்கிறவர் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள். "வீட்டுல" என்றார் டர்னர். யோசித்தால் அது பொய்கூட இல்லை, வீட்டில்தானே தோய்த்தது!

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் பேச்சு மனைவிமார் பக்கம் திரும்பி, ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிச் சிரித்தபோது இவர் வாயும் சும்மா இருக்கவில்லை. "ஆஸ்பத்திரியில பெரிய ஆளுதான். வீட்டுல அவளுக்கு உருப்படியாத் தெரிஞ்சது இந்தத் தயிர் ஒண்ணுதான்." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட இவர் அதிகமாகச் சிரித்தார்.

போன மாதம் பட்டறைக்குப் புது மெஷின் வந்தது. முதலாளி எல்லோரையும் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மனைவி காலை டூட்டியைப் பாதியில் வேறொருத்தியிடம் மாற்றிவிட்டு நேரே வந்து சேர்ந்தாள். சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிச் சிவந்த கைகள், கலைந்த தலை.

தட்டில் கை வைப்பதற்குள் வெல்டரின் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எனக்குத் தயிர் தண்ணியாவே போகுது. நீங்க எப்படித்தான் தோய்க்கறீங்க? இவரு தினமும் உங்க புராணம்தான்."

மனைவி டர்னரைப் பார்த்தாள். டர்னர் தன் தட்டைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அது... பால் நல்லாப் பொங்கினதும் இறக்கி, உடனே ஒரு கரண்டி தயிரைப் போட்டு மூடிடுவேன்" என்றாள்.

"கொதிக்கிற பால்லயா?" என்று முதலாளியம்மா எதிர்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள். "திரிஞ்சு போயிடாதா?" பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "அண்ணி தொழில் ரகசியத்த மறைக்கறாங்க" என்றாள் ஒருத்தி.

வெல்டர் நல்ல மனுஷர். அண்ணிக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "விடுங்கம்மா. அண்ணிக்கு உருப்படியாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்னு அண்ணனே சொல்லுவாரு. அதையும் பிடுங்கிக்கிட்டா எப்படி?" என்றார்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். டர்னர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காது மடல் கொதிக்க, சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் கடந்தபின், "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க தலையைக் குனிஞ்சீங்களே. உங்க மானம் போயிடக் கூடாதேன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தியேட்டர்ல ஒருத்தர் உயிர் ஊசலாடறப்பக்கூட நான் இப்படித் தடுமாறினதில்லைங்க."

அன்று சாயங்காலம் பாலுக்குள் விரலை விட்டு எண்ணினார். எத்தனை எண்ணினோம் என்பது பாதியில் மறந்துபோயிற்று. மறுநாள் மத்தியானம் டப்பாவில் தயிர் கெட்டிப்படாமல் நீர்விட்டுக் கிடந்தது.

"என்னண்ணே, அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் வெல்டர்.

"அவ நல்லாத்தான் இருக்கா. தோய்க்கறது நான். பதினேழு வருஷமா நான்தான்."

பட்டறையே சிரிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஃபிட்டர் மட்டும் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "சூடு எவ்வளவுண்ணே இருக்கணும்?" என்று அக்கறையாகக் கேட்டார். இதற்காகவா இத்தனை வருஷம் ஒளித்தோம் என்றிருந்தது டர்னருக்கு. அப்போதுதான் வெல்டர் தொடையில் தட்டிக்கொண்டார்: "அப்போ அண்ணிக்கு அந்த ஒண்ணும் தெரியாதா!"

இப்போது சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "பட்டறையில சொல்லிட்டேன்" என்றார்.

அவள் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தாள். "எதை?"

"தயிர் தோய்க்கறது நான்தான்னு."

"சரி. இனிமே பாராட்டு நேரா உங்களுக்கே வந்துடும்." மடித்ததை அலமாரியில் வைத்தாள். "என்னைப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு என்ன சொன்னீங்க?"

அந்த இடத்திலேயே கூனிக்குறுகி நின்றார்.

அடுத்த நாள் யாரும் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொன்னது உங்களச் சிரிக்க வைக்கத்தான். அவ நின்ன கால்ல எட்டு மணி நேரம் நின்னுட்டு வருவா. விருந்துக்கு வந்த அன்னிக்கும் என்னைக் காப்பாத்தத்தான் அப்படி உளறினா. இனிமே அந்தப் பேச்சு வேண்டாம்." ஆளாளுக்குத் தன் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவரவர் மனைவியைப் பற்றிச் சொன்னது அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இதையும் வந்து மனைவியிடம் சொன்னார். "ம்" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது, அவ்வளவுதான்.

இந்த வாரம் வெல்டர் தன் மகளின் பிறந்தநாளுக்கு அழைத்தார், அண்ணி கட்டாயம் வரவேண்டும் என்று. "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி, நீங்க போயிட்டு வாங்க" என்றாள். டூட்டி அட்டவணை ஃப்ரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. ஞாயிறுக்கு நேராக ஓய்வு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. டர்னர் அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல், "சரி, டூட்டின்னு சொல்லிடறேன்" என்றார்.