மியூரியலின் வருத்தங்கள்

மியூரியல் ஹெப்வொர்த் கேக்கைச் சுண்டுவிரலால் அழுத்தி, பள்ளம் மேலெழுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். வெட்டுவார். வாயில் போட்டுக்கொண்டு, கூடாரத்தின் கூரையைப் பார்த்தபடி மெல்லுவார். பிறகு தட்டின் அருகே வைப்பதற்கான சிறு அட்டையை எடுத்துத் தீர்ப்பை எழுதுவார். எங்கள் யார்க்‌ஷயர் கிராமத்தின் ஆகஸ்ட் கண்காட்சியில் யாரும் கேக்கைப் பார்ப்பதில்லை. அட்டையின் முதல் சொல்லைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த முதல் சொல் வருத்தமாகத்தான் இருக்கும். மியூரியலிடம் அதில் மூன்று ரகம் உண்டு. 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்றால் துரதிர்ஷ்டம், பழி அடுப்பின் மேல். சுட்டவர் நிமிர்ந்தே வீட்டுக்குப் போகலாம். 'ரிக்ரெட்டப்லி' என்றால் விதியை மீறிவிட்டார், பரிசு கிடையாது, வருந்துவது கமிட்டி. 'ஸேட்லி' மட்டும் மியூரியலின் சொந்த வருத்தம், பழி முழுக்கச் செய்த கையின் மேல். போன வருஷம் தபாலாபீஸ் பெரிலின் ஆரஞ்சு மார்மலேடுக்கு அது விழுந்தது. மறுநாள் சர்ச் வாசலில் எல்லோரும் அவருக்குத் துக்கம் விசாரிப்பதுபோல் கை கொடுத்தார்கள்.

மியூரியலுக்குக் கத்தியும் தண்ணீரும் ஏந்திச் செல்வது என் வேலை. 'கசக்குது'ன்னு நேரா எழுதிடலாமே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரியா? நாம என்ன காட்டுமிராண்டிங்களா கண்ணு?" என்றார்.

இத்தனைக்கும் அவரைப்போல் குஷியான பெண்மணி இந்த வட்டாரத்திலேயே கிடையாது. 'ஸேட்லி' எழுதும்போது சன்னமாகச் சீட்டி அடிப்பார்.

இந்த வருஷம் அவர் கணவர் நெவிலுக்கு ஆசை வந்துவிட்டது. ஆண்களுக்கென்று ஒரு போட்டி உண்டு: ஜாம் வைத்த ஸ்பான்ஜ் கேக். ஜாம் கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. எந்த வீட்டில் காய்ச்சியது என்று யாரும் கேட்பதில்லை. தட்டுகளில் பெயர் இராது, எண் மட்டும். மியூரியல் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகும் மாலைகளில் நெவில் ரகசியமாகச் சுட்டுப் பழகினார். முதல் பரிசின் சிவப்பு அட்டையை மனைவி கையால் வாங்கிவிட வேண்டும். மதுக்கடை முழுக்க இது தெரியும். மியூரியலுக்கு மட்டும் தெரியாது.

கேக் பிரமாதம். அழுத்தினால் குழந்தையின் கன்னம்போல் எழுந்தது. ஆனால் கத்தி இறங்கியதும் ஜாம் புறப்பட்டு, தட்டைத் தாண்டி, மேஜைவிரிப்பில் நடக்கத் தொடங்கியது. மியூரியல் சன்னமாகச் சீட்டியைத் தொடங்கி, ஜாமைத் தொட்டு நாக்கில் வைத்தார். சீட்டி நின்றது. ராஸ்ப்பெர்ரியோடு ஜெரேனியம் இலை போட்டுக் காய்ச்சுகிற சமையலறை இந்த ஊரில் ஒன்றுதான். ஒரு புட்டி குறைந்தது தெரியக் கூடாதென்று நெவில் மனைவியின் அலமாரியில் கடைசி வரிசையிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தப் புட்டி ஏன் கடைசி வரிசைக்குப் போயிற்று என்று யோசிக்கவில்லை.

'ஸேட்லி, ஜாம் இறுகவில்லை' என்று மியூரியல் எழுதினார். சிவப்பு அட்டை அடுத்த தட்டுக்குப் போயிற்று.

பெயர்களைத் தட்டருகே வைத்துக் கூடாரத்தைத் திறந்தார்கள். பெரில் வேறெங்கும் நிற்காமல் நெவிலின் தட்டுக்கு வந்தார். அட்டையை ஆற அமரப் படித்தார்.

"கேக்கு பஞ்சு மாதிரி இருக்கே நெவில். ஜாம் யாரு காய்ச்சினது?"

நெவில் மனைவியைப் பார்த்தார். கழுத்து சிவந்தது. "கடையில வாங்கினேன்."

"அய்யய்யோ. அப்ப இது ரிக்ரெட்டப்லி இல்லையா?" பெரில் குரலில் தேன் வழியத் திரும்பினார். "அட்டைய மாத்தணுமே, மியூரியல்."

சுற்றிலும் தேநீர்க் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. இந்தப் பொய் நின்றால் மியூரியலின் பெயர் பிழைக்கும். நெவில் கடை ஜாமோடு போட்டிக்கு வந்த மனிதராக இந்த ஊரில் சாக வேண்டியதுதான்.

மியூரியல் பேனாவைத் திறந்தார். 'ஸேட்லி, ஜாம் இறுகவில்லை' என்பதில் கை வைக்கவில்லை. அதற்குக் கீழே 'ஜாம் என்னுடையது' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டு, பெரிலுக்கு வசதியாக அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.