பெனிஷாவின் பெரிய கட்டில்

விஜிலா தைத்த ஞானஸ்நான உடுப்பைப் போடாத பிள்ளை அவள் தெருவில் கிடையாது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சாட்டினில் தைத்துக் கொடுத்தவள் வீட்டில் தொட்டில் மட்டும் கட்டவேயில்லை. வைத்தியம், நேர்ச்சை, உபவாசம் என்று அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. கல்யாணமான புதிதில் "பிள்ளைக்கு" என்று ஒதுக்கிய பின்னறையில் தண்ணீர் டிரம்மும் பழைய மிக்சியும் துணி மூட்டைகளும் குடிபுகுந்தன. அந்தக் கதவைத் திறந்தால் வேண்டியதை எடுத்துக்கொண்டு சட்டென்று சாத்திவிடுவாள்.

அவள் தம்பி ரெக்சன் கடலோரப் பெரியதாழையில் இருந்தான். மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் பெனிஷாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வள்ளத்தில் கடலுக்குப் போவான். கரையேறியதும் மகளை அழைத்துவந்து ஒரே பாயில் படுத்துவிடுவான். போன கார்த்திகையில் காற்று புரட்டிப் போட்ட வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. உடல் கிடைக்காமலே பூசை வைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் யார் சொல்வது? "அப்பா தங்கு கடலுக்குப் போயிருக்காவ, வர நாளாகும்" என்று யாரோ சொல்லி வைத்தார்கள். நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிப்பது பிள்ளை அறிந்த சங்கதிதான். நம்பிவிட்டது. பிள்ளையைத் தூத்துக்குடியில் தன் வீட்டுக்கு அழைத்துவந்த விஜிலாவும் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டாள். உண்மை தெரிந்தால் பிள்ளை ஊருக்கே போகிறேன் என்று அழுமோ, தன்னிடம் ஒட்டாமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

"ஆண்டவர் ஒனக்கும் ஒரு பிள்ளையக் கண்ணுல காட்டிட்டாருளா" என்றாள் எதிர்வீட்டு ஜெயபாய். சிலருக்கு வாயைத் திறந்தால்தான் மூச்சு வரும் போலிருக்கிறது. விஜிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஜெயபாய் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அவளை அறுத்தது. தம்பிக்காக அழுத கண்ணே பின்னறையை எப்போது ஒழிக்கலாம் என்றும் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி செத்துத்தான் தனக்குப் பிள்ளை வரவேண்டுமா என்று மாதாவிடம் கேட்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போனாள்.

அவள் கணவர் ராஜதுரை துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். டிரம்மை வெளியே உருட்டி, உப்புப் பூத்துப் பொரிந்திருந்த சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, இளமஞ்சள் அடித்தார். விஜிலா மிச்சச் சாட்டினில் ஜன்னலுக்குத் திரை தைத்தாள். சுவர் நிறையப் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டினாள். மீன் படமோ படகுப் படமோ அந்த அறைக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். நடுவில் கொசுவலையோடு ஒரு சின்னக் கட்டில்.

பெனிஷா உள்ளே வந்து எட்டிய பட்டாம்பூச்சிகளையெல்லாம் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நல்லாருக்கு அத்தே. அப்பா எங்கன படுப்பாவ?"

அப்போதே சொல்லியிருக்கலாம். விஜிலாவோ, "பெரிய கட்டில் வாங்கிருவோம்" என்றாள்.

"ஏளா, பொய்க்குக் கட்டில் வாங்கிப் போடுதியா?" என்று அடுப்படியில் வந்து கேட்டார் ராஜதுரை.

"கொஞ்ச நாள் போவட்டுங்க. பிள்ள இப்பந்தான் சிரிக்கா."

அவரும் மனுஷன்தானே. பிள்ளை சிரிப்பதை அவரும் பார்த்திருந்தார். லோடு ஆட்டோவில் பெரிய கட்டில் வந்து இறங்கி அறையை அடைத்துக்கொண்டது.

பெனிஷா சுவரோரம் ஒடுங்கிப் படுத்தாள். மீதி இடத்தில் ஒரு தலையணையைப் போட்டு வைத்தாள். ஒரு மத்தியானம், பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து விஜிலா மெல்லப் பக்கத்தில் சாய்ந்தாள்.

"அத்தே, அது அப்பா எடம்."

விஜிலா எழுந்து தரையில் படுத்தாள். காலமெல்லாம் ஏங்கிய பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அணைத்துக்கொள்ள வழியில்லை. தானே வாங்கிப் போட்ட கட்டிலில் தனக்கே இடமில்லை என்றால் யாரை நோவது?

ஈஸ்டர் வந்து போனது. ஒரு சனிக்கிழமை, தலைசீவிக்கொண்டிருக்கும்போது பெனிஷா கேட்டாள்: "அத்தே, அப்பாக்கு எம்மேல கோவமா? வரவே மாட்டேங்காவ."

விஜிலாவின் கையில் சீப்பு நின்றது. எதையும் தாங்கிக்கொண்டவளால், மகளைப் பாயில் போட்டு மாரோடு அணைத்து வளர்த்த தம்பியின் மேல் இந்தப் பழி விழுவதைத் தாங்க முடியவில்லை. பிள்ளையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கோவமே இல்ல, தாயீ. அப்பாவால வர முடியாது. காத்துல வள்ளம் கவுந்துட்டு. அப்பா எறந்துட்டாவ. அத்த ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பெனிஷா அழவில்லை. திறந்திருந்த பின்னறையைப் பார்த்தாள்.

"அப்பம் எதுக்கு அவ்ளோ பெரிய கட்டில் வாங்குனிய?"

"பயந்துட்டேன்ளா. நெசத்தச் சொன்னா நீ என்னைய விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன்."

"நான் எங்கன அத்தே போவேன்?" என்று கேட்டாள் பெனிஷா.

தம்பியின் பூசையில்கூட விஜிலா அப்படி அழவில்லை.