காவல் இல்லாமல் தோண்டாத குழிக்காரர்

எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு ஊர் இருக்கிறதாம். மணல் மூடிப்போன ஊர். ஓடுகிற அவசரத்தில் அந்த ஜனங்கள் நகைநட்டையெல்லாம் பானையில் போட்டுப் புதைத்துவிட்டுப் போனார்களாம். முப்பது வருஷம் சரித்திரம் நடத்திய டீச்சர் நான். ஆதாரம் கேட்டால், "அட, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே டீச்சர்" என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீடுதான் அரண்மனை இருந்த இடம் என்று அடித்துப் பேசுவார். குப்பைமேடு இருந்த இடம் மட்டும் யாருக்கும் வாய்க்கவில்லை.

இந்தக் கதையால் அவஸ்தைப்பட்டவர் குழிக்காரர். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்தான். செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டுவது பிழைப்பு. அவர் மண்வெட்டியைத் தூக்கினால் போதும், வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மண்வெட்டி கல்லில் 'ணங்' என்று பட்டால் பக்கத்து வீட்டிலும் எழுந்து நிற்பார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால், மளிகைக்கடைக்காரர் வீட்டில், அவர் சாப்பிடப் போன நேரத்தில் இவர் தனியாகத் தோண்டிவிட்டார். அடுத்த மாதம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். அவ்வளவுதான், "பானையைத் தூக்கிட்டான்" என்று மளிகைக்காரர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தங்கம் கிடைத்தவன் செயின் கழன்ற சைக்கிளையா வாங்குவான்? யோசிக்கத்தான் ஆளில்லை. அன்றிலிருந்து குழிக்காரருக்கு ஒரே பிடிவாதம்: பார்க்க ஆள் இல்லையென்றால் மண்ணைத் தொட மாட்டார். சாயங்காலம் சட்டையை உதறி, சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார். "திருடன்னு சொல்லிட்டாங்களே டீச்சரம்மா" என்று என்னிடம் எத்தனை முறை புலம்பியிருப்பார்!

போன மழைக்காலத்தில் எங்கள் கொல்லையில் தோண்டினார். காவல் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் குடை பிடித்துக்கொண்டு குழியையே முறைத்தவர், மூன்றாம் நாள் முடிவெட்டப் போய்விட்டார்.

"கொஞ்சம் வந்து உக்காருங்க டீச்சரம்மா" என்றார் குழிக்காரர், ஆளுயரக் குழிக்குள்ளிருந்து.

"எனக்கு வேற வேலை இல்லையா? உன்னை நான் நம்புறேன்டா, தோண்டு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

அரைமணி நேரத்தில் 'தொம்'மென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் சரிந்து குழி பாதி மூடிக் கிடந்தது. கரையில் அவருடைய செருப்பும் துண்டும் மட்டும். நம்புகிறேன் என்று சொல்லியே அவனைக் கொன்றுவிட்டேனே!

"ஐயோ, ஆள் உள்ள இருக்கான்!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் தட்டாலும் கையாலும் மண்ணை அள்ளினார்கள். முதலில் குதித்தது, தொப்பையும் தானுமாக, அந்த மளிகைக்காரர்தான்.

அப்போது கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, வெறுங்காலும் சேறுமாக, குழிக்காரர் வந்தார்! பின்னால் பாதி வெட்டிய தலையோடு என் வீட்டுக்காரர். காவலுக்கு ஆள் இல்லையென்று முடிதிருத்தும் கடைக்கே போய் இழுத்து வந்திருக்கிறார், மனுஷன்.

கூட்டம் தோண்டுவதைப் பார்த்ததும் குழிக்காரர் முகம் வாடிவிட்டது. "சரிதான். நான் இல்லாத நேரமாப் பாத்துக் கிடைச்சிருக்கு. எத்தனை பானை?"

"உன்னைத்தான்டா தேடுறோம், பாவி!" முதுகில் ரெண்டு போட்டேன். போட்டுவிட்டு நான்தான் அழுதேன்.

அவர் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். எல்லாக் கையிலும் சேறு. குழிக்குள் மளிகைக்காரருக்கு நகக்கண்ணில் ரத்தம்.

"இருக்கியா தம்பி?" என்றார் மளிகைக்காரர். அப்புறம் தெரு மொத்தமும் கேட்கச் சொன்னார்: "அன்னிக்கு நான் பானையும் பாக்கல, ஒண்ணும் பாக்கல. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுப்பா."

குழிக்காரர் கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். "மொதல்ல மேல ஏறுங்க அண்ணே, அந்தப் பக்கமும் சரியப்போகுது."

மேலே வந்தவர் அவரைக் கட்டிக்கொண்டு தேம்பினார். அந்த வார்த்தைக்காக இருபது வருஷம் காத்திருந்த மனுஷன், "விடுங்க அண்ணே, போய்க் கையைக் கழுவுங்க" என்று மட்டும் சொன்னார்.